வெற்றுக் கட்டம் சொல்லும் சேதி

ஆவடி பேருந்து நிலையத்தில் யாரிடமாவது "டேங்க் பேக்டரிக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள், உடனே வழி சொல்வார்கள். "ஓ.சி.எஃப். எங்கே?" என்றாலும் அப்படித்தான். முன்னதில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள், பின்னதில் படைவீரர்களுக்கு உடை தைக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருப்பவை. ஒரே வாரியத்தின் பிள்ளைகள்.

2021 அக்டோபர் 1 அன்று இந்த உறவு மாறியது. நாடு முழுவதும் 41 தொழிற்சாலைகளை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அவை ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டேங்க் பேக்டரி என்று ஊர் அழைக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையும், டாங்கி என்ஜின்களைச் செய்யும் ஆவடி என்ஜின் தொழிற்சாலையும் 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம்' என்ற நிறுவனத்துக்குப் போயின. அதன் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது. ஓ.சி.எஃப். போன இடம் 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற நிறுவனம். அதன் தலைமையகம் கான்பூர்.

பிரித்தவர்கள் கேட்ட கேள்வி, "இந்தத் தொழிற்சாலை என்ன செய்கிறது?" அதனால் டாங்கி டாங்கியோடும் துணி துணியோடும் சேர்ந்தன. "எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் ஆவடியின் ஆலைகள் எல்லாம் ஒரே நிறுவனத்தில் இருந்திருக்கும். ஆலைகள் அதே ஆலைகள்தாம், ஆனால் கேள்வி மாறினால் வரைபடம் மாறிவிடுகிறது. வகைப்படுத்தும் கலையின் முதல் பாடம் இது. பொருள்களை அடுக்குவதற்கு முன்பே, எந்தக் கேள்வியால் அடுக்குவது என்று தீர்மானித்துவிடுகிறோம்.

நிறுவனத்துக்கும் ஒரு பிளான்

வீடு கட்டுகிறவர் பிளான் இல்லாமல் கடைக்கால் தோண்டுவதில்லை. டாங்கி செய்கிறவர்கள் வரைபடம் இல்லாமல் ஓர் இரும்புத் தகட்டையும் வெட்டுவதில்லை. ஆனால் அந்த வீட்டையும் டாங்கியையும் செய்கிற நிறுவனத்துக்கு வரைபடம் இருக்கிறதா? எந்தத் துறை எந்த வேலையைச் செய்கிறது, எந்தத் தகவல் எங்கே பிறந்து எங்கே போகிறது, எந்த மென்பொருளை யார் நம்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலான இடங்களில் சில மூத்தவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறும் நாளில் வரைபடமும் அவர்களோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

இந்தக் குறையைப் போக்க வந்த துறைக்கு 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்று பெயர். தமிழில் நிறுவனக் கட்டமைப்பு என்கிறோம். இந்த வேலையில் ஈடுபடுவோர் ஆவணங்களை உண்டாக்குகிறார்கள்: துறைகளின் பட்டியல், தகவல் பாயும் படம், மென்பொருள்களின் கணக்கு, பாதுகாப்பு விதிகள், மாற்றத் திட்டங்கள். இரண்டே ஆண்டுகளில் இவை நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். பிறகு முதல் குறையே வேறு உருவில் திரும்பி வரும். முன்பு வரைபடம் இல்லை. இப்போது வரைபடம் இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே ஆவணங்களை உண்டாக்குவதைப் போலவே அவற்றை வகைப்படுத்துவதும் ஓர் அறிவியலாக வளர்ந்தது.

ஆவடியில் நடந்தே பார்க்கக்கூடிய வரிசைகள்

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஸக்மன் 1987இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். கட்டடக் கலைஞர்கள் வரையும் படங்களையும் விமானம் செய்வோர் வரையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரு தொழில்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆவணங்கள் ஒரே மாதிரியான வரிசைகளில் விழுந்தன. அந்த வரிசைகளை விளக்க அமெரிக்க விமான ஆலைக்குப் போக வேண்டியதில்லை. ஆவடியே போதும்.

மேல் வரிசை, திட்டமிடுபவருடையது. 'எங்களுக்கு இப்படிப்பட்ட டாங்கி வேண்டும்' என்று ராணுவத் தலைமை எழுதும் தேவைக் குறிப்பு இங்கே வரும். அடுத்தது உரிமையாளர் வரிசை. டாங்கியை ஓட்டிச் சுடப்போகும் படைப்பிரிவின் பார்வை இது. நான்கு பேர் எப்படி உட்காருவார்கள், பாலைவனத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பன போன்றவை இதில் அடங்கும். மூன்றாவது, வடிவமைப்பாளர் வரிசை. 1976 முதல் ஆவடியில் இயங்கும் போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ.யின் இடம் இது. நான்காவது, கட்டுநர் வரிசை. எந்தத் தகட்டை முதலில் பற்றவைப்பது, எந்தப் பாகத்தை எந்தக் கட்டத்தில் பொருத்துவது என்று டேங்க் பேக்டரி எழுதும் ஆவணங்கள் இங்கே சேரும்.

ஐந்தாவது வரிசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெஷினுக்கு மேலே, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. அதில் ஒரே ஒரு பின்னின் படம். நீளம் இவ்வளவு, விட்டம் இவ்வளவு, கூடுதல் குறைவு இவ்வளவுதான் அனுமதி. தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம்: வரைபட எண், உலோகத்தின் வகை, அளவுவிகிதம், எத்தனையாவது திருத்தம். லேத் ஓட்டுபவருக்கு முழு டாங்கியின் படம் தேவையில்லை. அந்தப் பின் டாங்கியில் எங்கே போய் உட்காருகிறது என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. முழுமையிலிருந்து பிரித்தெடுத்த துண்டின் பார்வை என்றே ஸக்மன் இந்த வரிசையைச் சொன்னார். ஆனால் அந்த மூலைக் கட்டத்தில் இருக்கும் திருத்த எண் தவறிவிட்டால் போதும். மூன்றாம் திருத்தம் வந்துவிட்டிருக்க, பட்டறையில் இரண்டாம் திருத்தத்தின் தாள் தொங்கினால், அளவெல்லாம் சரியாகக் கடைந்த நூறு பின்களும் குப்பைக்குத்தான் போகும்.

கடைசி வரிசையில் இருப்பது காகிதமே இல்லை. மண்ணில் ஓடும் டாங்கிதான் அது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேல் வரிசை சுருக்கம், கீழ் வரிசை அதன் விரிவு என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. ராணுவத்தின் தேவைக் குறிப்பை எத்தனை பக்கத்துக்கு விரித்தாலும் அது பற்றவைப்பு முறையாகிவிடாது. ஒவ்வொரு வரிசையும் வேறொரு மனிதரின் வேறொரு கவலை. எந்த வரிசையிலும் மேலோட்டமான ஆவணமும் இருக்கலாம், நுணுக்கமான ஆவணமும் இருக்கலாம். ஆவணத்தை வகைப்படுத்துகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'இதை யார் கையில் கொடுக்கப்போகிறோம்?' என்பதே.

ஆறு கேள்விகளும் நம் இலக்கணமும்

வரிசைகள் குறுக்கே ஓடினால், நெடுக்கே ஓடுபவை கேள்விகள். 1987இல் ஸக்மன் வைத்தவை மூன்று: என்ன, எப்படி, எங்கே. எந்தத் தகவல், எந்தச் செயல், எந்த இடம் என்று பொருள். 1992இல் ஜான் சோவாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மேலும் மூன்று வந்தன: யார், எப்போது, ஏன்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் எங்கோ கேட்டது போலிருக்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு வினைச்சொல் ஆறு செய்திகளைத் தரும் என்கிறது: செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். 'குயவர் குடம் வனைந்தார்' என்று பள்ளிக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் விளக்கினார்களே, அதே ஆறு. யார் வனைந்தார், எதனால், எங்கே, என்ன செய்தார், எப்போது, எதை என்று ஒரு சிறிய வினைக்குள் ஒரு நிகழ்ச்சியின் முழு எலும்புக்கூடும் இருக்கிறது.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய தொல்காப்பியம் இன்னும் இரண்டைச் சேர்த்து எட்டு என்று கணக்குச் சொல்கிறது. யாருக்காக, என்ன பயனுக்காக என்பவையே அந்த இரண்டு. 'ஏன்' என்ற கேள்வியின் இடம் அங்கேதான் இருக்கிறது. நன்னூலின் ஆறில் அது இல்லை. ஸக்மனின் முதல் மூன்றிலும் அது இல்லை, ஐந்து ஆண்டு கழித்தே வந்தது.

ஐ.பி.எம். பொறியாளர் தொல்காப்பியம் படித்தார் என்று சொல்ல வரவில்லை. ஒரு வேலையை முழுமையாக விவரிக்க முயலும் எந்த மனமும், எந்த நூற்றாண்டிலும், ஏறக்குறைய இந்தக் கேள்விகளிடமே வந்து சேர்கிறது என்கிறேன். நம் மாணவர்களுக்கு நிறுவனக் கட்டமைப்பைக் கற்பிக்கும்போது அமெரிக்கக் கட்டத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, குயவரையும் குடத்தையும் நினைவூட்டுவது நல்லது. பாதிப் பாடம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

காலியாகக் கிடக்கும் கட்டம்

ஆறு வரிசை, ஆறு கேள்வி; முப்பத்தாறு கட்டங்கள். நிறுவனத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆவணத்தையும் எடுத்து அதற்குரிய கட்டத்தில் வையுங்கள். சில கட்டங்களில் இடம் போதாது. சில கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். இந்த வேலையின் உண்மையான பயன் அந்த வெறுமையில்தான் இருக்கிறது.

1869இல் மெண்டலீவ் தனிமங்களை அட்டவணையாக அடுக்கியபோது சில இடங்களைக் காலியாக விட்டார். 'இங்கே ஒன்று இருக்க வேண்டும், இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்று துணிந்து சொன்னார். 1875இல் காலியமும் 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் வந்து அந்த இடங்களில் உட்கார்ந்தன. நல்ல வகைப்பாடு இல்லாததையும் காட்டும். சாதாரண அலமாரியால் அது முடியாது.

ஆவடியின் டாங்கி வரலாற்றையே இந்தக் கட்டங்களில் வைத்துப் படிக்கலாம். 1965இல் இங்கிருந்து வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கியின் வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. பின்னாளில் ஆவடி செய்த டி-72இன் வடிவமைப்பு சோவியத் ஒன்றியத்திலிருந்தும் டி-90இன் வடிவமைப்பு ரஷ்யாவிலிருந்தும் வந்தன. உரிமம் பெற்று ஒரு பொருளைச் செய்யும்போது பெரும்பாலும் கைக்கு வருவது கட்டுநர் வரிசையும் அதற்குக் கீழுள்ளவையும்தான். 'எப்படிச் செய்வது' தெரியும். 'ஏன் இந்தக் கோணம், ஏன் இந்தத் தடிமன்' என்பதற்கான விடை வடிவமைத்தவர் வீட்டிலேயே இருந்துவிடும். 1974இல் ஒப்புதல் பெற்ற, சொந்த வடிவமைப்பான அர்ஜுன் டாங்கித் திட்டத்தின் பெருமையையும் சிரமத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அதில் மேல் வரிசைகளை ஆவடியே நிரப்ப வேண்டியிருந்தது. முதல் அர்ஜுன் டாங்கிகள் ராணுவத்திடம் போனது 2004இல். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை வந்தது. கீழ் வரிசையில் தொடங்கிய ஒரு ஊர் மேல் வரிசைக்கு ஏறிய கதை இது. எஃகை உருக்குவதைவிட 'ஏன்' என்ற கட்டத்தை நிரப்புவதற்கு அதிகக் காலம் பிடிக்கும்.

ஒரு ஆவணம், பல வழிகள்

கட்டம் போட்டதும் ஒரு சங்கடம் எழும். 'உடை தைக்கும் பிரிவின் இருப்புக் கணக்கு மென்பொருள், அதைப் பயன்படுத்துவோர், அடுத்த ஆண்டு மாற்றும் திட்டம்' என்று ஓர் ஆவணம் இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் வைப்பது? அதற்குள் என்ன, யார், எப்போது என்று மூன்று கேள்விகளின் விடைகளும் கலந்திருக்கின்றன.

இந்தச் சங்கடத்தை நூலகங்களில் சந்தித்துத் தீர்த்தவர் நம் மண்ணின் மனிதர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். லண்டனில் படித்தபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகுகள் என்று ஒரே பெட்டியிலுள்ள துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள் வருகின்றன. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கோத்தால் என்ன என்று தோன்றியது. 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை அதிலிருந்து பிறந்தது.

அதுவரை இருந்த பெரும்பாலான முறைகளில் ஒரு நூலுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலில் ஓர் இடம் தேட வேண்டும். ரங்கநாதன் முறையில் நூலின் பொருளை முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி கொடுத்து, எல்லாவற்றையும் கோத்து எண் அமைக்கலாம். அந்த முகங்கள் ஐந்து என்று பின்னாளில் வகுத்தார்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். பட்டியலில் இல்லாத புதிய பொருள் வந்தாலும் முறை உடையாது.

நிறுவன ஆவணங்களுக்கும் இதுவே மருந்து. ஆவணத்துக்கு இருப்பிடம் ஒன்றாகவே இருக்கட்டும், அதை அடையும் வழிகள் பலவாக இருக்கட்டும். எந்தக் கேள்விக்கு விடை, யார் படிக்க, எந்தப் பிரிவைப் பற்றியது, இன்றைய நிலையா நாளைய திட்டமா, எத்தனையாவது திருத்தம் என்று ஐந்தாறு குறிகளை ஒவ்வொன்றின் மீதும் ஒட்டிவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து வருபவரும் அதைக் கண்டுபிடிப்பார். ஒரே கோப்பை மூன்று ஃபோல்டர்களில் நகலெடுத்து வைக்கும் பழக்கம் ஒழியும். நகல் மூன்றானால் திருத்தம் ஒன்றில் மட்டும் நடக்கும் என்பது பட்டறைத் தாளிலேயே பார்த்ததுதான்.

பட்டியல், அட்டவணை, படம்

1995இல் முதல் பதிப்பு வெளியான டோகாஃப் என்ற நிறுவனக் கட்டமைப்பு வழிமுறை உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அது இன்னொரு குறியைத் தருகிறது: ஆவணத்தின் வடிவம். பட்டியல் என்பது இருப்பவற்றின் கணக்கு. குறுக்கு அட்டவணை இரண்டு பட்டியல்களுக்கு இடையிலான உறவைச் சொல்லும். படம் அந்த உறவைக் கண்ணுக்குக் காட்டும்.

இந்தப் பிரிவின் அருமை நெருக்கடியில் தெரியும். ஒரு பெரிய அமைப்பு ஏழாகப் பிரியப் போகிறது என்று வையுங்கள். கையில் இருபது மென்பொருள்களின் பட்டியல் மட்டும் இருந்தால் 'இருபது இருக்கின்றன' என்று தெரியும், அவ்வளவே. ஒரு பக்கம் மென்பொருள்கள், மறுபக்கம் தொழிற்சாலைகள், பயன்படுத்தும் இடங்களில் ஒரு புள்ளி என்று குறுக்கு அட்டவணை இருந்தால், எந்த வரியில் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போகும் ஆலைகளுக்குப் புள்ளி விழுகிறது என்பதை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். பிரிவினையின் நாளில் சண்டை வரப்போவது அந்த வரியில்தான். கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். அட்டவணை இல்லாவிட்டால், பிரிந்த பிறகு சம்பளப் பட்டியலோ கொள்முதலோ நின்றுபோகும் காலையில்தான் தெரியவரும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கட்டமைப்பு வழிமுறை 2009இல் எட்டுப் பார்வைகளின்கீழ் 52 வகை மாதிரிகளை வகுத்தது. நம் நாட்டில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் வெளியிட்ட இந்தியா என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் வழிமுறை, அரசுத் துறைகளுக்காக எட்டு முன்மாதிரிகளைத் தருகிறது. செயல்திறன், அலுவல், தரவு, பயன்பாடு, தொழில்நுட்பம், ஒருங்கிணைப்பு, பாதுகாப்பு, ஆளுகை என்பவை அவை. எண்ணிக்கை மாறலாம். 52ஐயும் செய்துதான் ஆக வேண்டும் என்று கிளம்புவது வீண். கேள்வி எழும் இடத்துக்கு மட்டும் ஆவணம் போதும்.

எண்ணில் பெயர் வேண்டாம்

கடைசியாக ஒரு சிறிய நுட்பம். ராணுவ உதிரி பாகங்களுக்கு உலகின் பல நாடுகள் பதின்மூன்று இலக்க எண் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவும் அந்த முறையில் இருக்கிறது. முதல் நான்கு இலக்கம் வகை. 2350 என்றால் சங்கிலித் தடத்தில் ஓடும் போர் வாகனம், 2815 என்றால் டீசல் என்ஜினும் அதன் பாகங்களும். அடுத்த இரண்டு இலக்கம் எண் கொடுத்த நாடு. இந்தியாவுக்கு 72. மிச்சம் ஏழு இலக்கத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, வெறும் வரிசை எண். இதில் ஓர் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. ஒரு பாகத்தின் வகை நாளை மாறினாலும் கடைசி ஒன்பது இலக்கம் மாறாது. பொருளின் அடையாளம் வேறு, வகை வேறு. முன்னது நிலையானது, பின்னது நம் வசதிக்கு.

இதை மறந்து, ஆவண எண்ணுக்குள்ளேயே துறையின் பெயரையும் தலைமையகத்தின் பெயரையும் சுருக்கிப் புகுத்துவோர் பலர். ஒரு அக்டோபர் 1ஆம் தேதி துறை கலையும். தலைமையகம் ஊர் மாறும். ஆயிரக்கணக்கான எண்கள் ஒரே இரவில் பொய் சொல்லத் தொடங்கும்.

வாசகர் ஒரு பெரிய ஆலையில் இருக்க வேண்டியதில்லை. பள்ளி, கூட்டுறவுச் சங்கம், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என எங்கே இருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஆறு கேள்விகளை எழுதுங்கள். பக்கவாட்டில் உங்கள் ஆவணங்களைப் படிப்பவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். இருப்பதை நிரப்புங்கள். 'ஏன்' என்ற பத்தியில் பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும். அவற்றுக்கான விடை தெரிந்தவர் இன்னும் பணியில்தான் இருக்கிறார் என்றால், நாளைக் காலையிலேயே அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.